மாமனார் எழுதாத கட்டுரை

மார்ஜின் அக்காவிடம் கட்டுரை அனுப்பிவிட்டு அன்றைக்கே நிம்மதியாக இருந்த பேராசிரியர் இதுவரை பிறக்கவில்லை. இடது ஓரம் ஒன்றரை அங்குலம் என்றால் ஒன்றரை அங்குலம்தான். நூலளவு குறைந்தாலும் கட்டுரை வந்த வழியே திரும்பிப் போகும். எழுதியவர் துறைத் தலைவரா, நேற்றுச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவரா என்றெல்லாம் அக்கா பார்ப்பதில்லை. "ஓரம் எல்லாருக்கும் ஒண்ணுதான் சார்" என்பார். அப்படி வந்ததுதான் அந்தப் பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு நேரிலேயே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அவர் வேலை பார்த்தது, மண்ணையும் தண்ணீரையும் பற்றி வருஷத்துக்கு நான்கு முறை வெளிவரும் ஓர் ஆய்விதழில். அலுவலகம் என்பது பல்கலைக்கழக நூலகத்தின் பின்புறம், மாடிப்படியை ஒட்டிய இரண்டு அறைகள். ஒன்றில் தலைமை ஆசிரியரின் மேசை. அவரை எல்லோரும் பெரிய சார் என்பார்கள். செவ்வாயும் வியாழனும் வருவார். இன்னொன்றில் அக்காவின் கணினி, தாளைத் தின்னும் ஒரு பிரின்டர், சுவர் முழுக்கப் பழைய இதழ்கள். வந்த கட்டுரையைச் சீராக்கி, படங்களை அதனதன் இடத்தில் உட்காரவைத்து, கடைசியில் வரும் மேற்கோள் பட்டியலைச் சரிபார்த்துப் பக்கம் கட்டுவது அக்காவின் வேலை. பத்தொன்பது வருஷமாக இதுதான். ஒப்பந்தத்தை வருஷாவருஷம் புதுப்பிப்பார்கள். "அடுத்த வருஷம் நிரந்தரம் ஆக்கிடலாம்மா" என்ற பெரிய சாரின் வாக்கும் கூடவே புதுப்பிக்கப்படும்.

அக்கா படித்தது பன்னிரண்டாம் வகுப்பும் தட்டச்சும். ஆனால் கைக்கு வந்த எதையும் படிக்காமல் விடமாட்டார். மண்புழு எப்படி மூச்சு விடுகிறது, ஒரு சொட்டு மழை களிமண்ணுக்குள் இறங்க எவ்வளவு நேரம் ஆகும், எல்லாம் அத்துப்படி. புரியாததைப் பென்சிலால் கோடிட்டு, எழுதியவருக்கே போன் போட்டுக் கேட்பார். சிலர் எரிச்சல்படுவார்கள். சிலர், தங்கள் கட்டுரையை ஒரு ஆள் முழுசாகப் படித்திருக்கிறாரே என்று அரை மணி நேரம் பேசுவார்கள். பாவம், அவர்கள் வீட்டில் யார் கேட்கப்போகிறார்கள்.

கதை ஆரம்பிப்பது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். மேற்கோள்களை ஆளுக்கொரு விதமாக எழுதி அனுப்பினார்கள். யார், எந்தக் கட்டுரையில், எந்த வருஷம், எந்தப் பக்கத்தில் சொன்னார் என்பதை ஒரே மாதிரி எழுதவைக்க ஒரு மாதிரித் தாள் தயார் செய்யச் சொன்னார் பெரிய சார். அக்கா உதாரணத்துக்கு ஒரு பேராசிரியரின் நிஜக் கட்டுரையைப் போட்டார். தாள் வெளியே போன மூன்றாம் நாள் இன்னொரு பேராசிரியர் படியேறி வந்துவிட்டார். "அவர் கட்டுரைதான் உதாரணமா? அப்ப என் கட்டுரையெல்லாம் என்ன, வேஸ்ட் பேப்பரா?" என்று ஒரே ரகளை. அவர் போனதும் பெரிய சார் தலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "யாருமே எழுதாத கட்டுரையாப் பார்த்துப் போடும்மா. வம்பே வேண்டாம்."

யாருமே எழுதாத கட்டுரைக்கு யார் பெயரைப் போடுவது? அக்கா தன் மாமனார் பெயரைப் போட்டார். மாமனார் ஒரு தையல்காரர். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். கல்லூரிப் பக்கம் போனது கூட, ஒரு விழாவுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்கத்தான். அவர் பெயரைப் பார்த்து எந்தப் பேராசிரியருக்கும் பொறாமை வராது. தலைப்பு, சரிவான நிலத்தில் ஈரம் தங்கும் விதம். வருஷம், அக்காவுக்குக் கல்யாணம் ஆன வருஷம். பக்கம், இருநூற்றுப் பதினாலு முதல் இருநூற்று இருபத்தாறு வரை. சும்மா கைக்கு வந்த எண். ஐந்து நிமிஷ வேலை. மாதிரித் தாள் போனது, யாரும் சண்டைக்கு வரவில்லை, அக்கா அதை மறந்தே போனார்.

போன வருஷம் ஒரு மத்தியானம். ஒரு கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் பதினேழாவது இடத்தில் மாமனார் உட்கார்ந்திருந்தார்.

அக்காவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மாதிரித் தாள் மேலேயே தட்டச்சு செய்து, உதாரணத்தை அழிக்க மறந்துவிட்டார்கள் போல. "பதினேழாம் மேற்கோளை மறுபடி சரிபார்க்கவும்" என்று எழுதி அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது: "சரிபார்த்தேன். சரியாக உள்ளது."

அக்கா அந்தப் பதிலை மூன்று முறை படித்தார். பிறகு பழைய இதழ்களில் தேட ஆரம்பித்தார். இரண்டு, ஐந்து, பதினொன்று என்று வந்துகொண்டே இருந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, மொத்தம் முப்பத்தொரு கட்டுரைகளில் மாமனார் இருந்தார். முதல் ஆள் நிஜமாகவே அழிக்க மறந்தவர். அடுத்தவர் அவருடைய பட்டியலைப் பார்த்து எடுத்திருக்கிறார், அவரைப் பார்த்து இன்னொருவர். யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பதைக்கூட அக்கா கண்டுபிடித்துவிட்டார். ஒரு இதழில் அக்காவே கைதவறிக் கடைசிப் பக்க எண்ணின் இருபத்தாறை அறுபத்திரண்டாக அடித்திருந்தார். அதற்குப் பிறகு வந்தவர்களில் பாதிப் பேரிடம் அந்த அறுபத்திரண்டு அப்படியே இருந்தது. தாங்களே தேடிப் படித்ததாகச் சொல்லும் கட்டுரையில், அக்காவின் கைப்பிழை!

இதைவிட வேடிக்கை, மாமனார் என்ன சொன்னார் என்பது. ஒருவர் கட்டுரையில், சரிவில் ஈரம் அதிகம் தங்கும் என்று மாமனார் நிறுவியிருந்தார். இன்னொருவர் கட்டுரையில், தங்காது என்று நிறுவியிருந்தார். ஒருவர் அவருடைய ஆய்வு முறையைப் புகழ்ந்திருந்தார். ஒருவர், மாமனார் எடுத்துக்கொண்ட நிலப்பரப்பு போதாது என்று குறை சொல்லியிருந்தார். எழுதப்படாத கட்டுரைக்கு முடிவுகள் இருந்தன, ஆதரவாளர்கள் இருந்தார்கள், எதிரிகளும் இருந்தார்கள். உள்ளே என்னதான் இருக்கிறது என்று அக்காவுக்கே ஆவல் வந்துவிட்டது. ஒரு கோடுபோட்ட நோட்டு வாங்கி, மற்றவர்கள் சொன்னதையெல்லாம் சேர்த்து, மாமனாரின் கட்டுரையைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவாக்கிப் பார்த்தார்.

சாயங்காலம் வீட்டில் அதை வாசித்துக் காட்டுவார். வீட்டுக்காரர் சரக்கு ரயிலில் கார்டு, வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். ஆக, கேட்பவர் மாமனார்தான். தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்பார்.

"நிலம் போதாதுன்னு யாரும்மா சொன்னது?"

"ஒரு டாக்டர் பட்டம் வாங்கினவர் மாமா."

"போதுமா போதாதான்னு அவர் வந்து பார்த்தாரா? நானே பார்க்கல!" என்று நிஜமாகவே கோபப்படுவார். சாப்பிடும்போது அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கும்.

சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அக்கா இதைப் பெரிய சாரிடம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மாதிரித் தாள் தன் வேலை, தலை உருண்டால் முதலில் உருளுவது ஒப்பந்தத் தலைதான் என்ற பயம் ஒன்று. அந்த முப்பத்தொரு பேரில் ஒன்பதாவதாக இருந்த பெயர் பெரிய சாருடையது என்பது இன்னொன்று. இரண்டையும் விட முக்கியமான காரணம், அக்கா அதை ரசித்துக்கொண்டிருந்தார். பதினோரு மாதம் ரசித்தார்.

பிறகு ஒரு கடிதம் வந்தது. எங்கேயோ தூரத்து நாட்டில் படிக்கும் ஒரு மாணவர், ஒரு விரிவுரையாளரின் கட்டுரையைப் படித்துவிட்டு, அதில் வரும் மாமனார் கட்டுரையை ஆறு மாதம் தேடியிருக்கிறார். அப்படி ஒரு கட்டுரையே உலகத்தில் இல்லை என்று தெரிந்ததும், ஆதாரத்தோடு புகார் எழுதிவிட்டார். இத்தனை வருஷத்தில் அதைத் தேடிப் படிக்க நினைத்த முதல் மனிதர் அவர்தான்.

பெரிய சார் கொதித்துப் போனார். "நம்ம பத்திரிகையில இப்படியா? இல்லாத கட்டுரையைச் சான்றாக் காட்டறதா?" என்று மேசையைத் தட்டினார். தான் எப்போதோ அதையே செய்தது அவருக்கு நினைவில் இல்லை. இது நடிப்பில்லை, நிஜமாகவே நினைவில்லை. படித்த கட்டுரை என்றால் மறந்திருக்கமாட்டார். மூன்று பேர் கொண்ட குழு, வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை என்று முடிவானது. குற்றம் உறுதியானால் அந்த விரிவுரையாளரின் கல்லூரிக்குக் கடிதம் போகும். ஆறு வருஷம் தற்காலிகமாக வேலை பார்த்த பெண். அந்த மாதம்தான் நிரந்தரப் பதவிக்குப் பெயர் போயிருந்தது. கடிதம் போனால் பதவியும் போகும், இருக்கிற வேலையும் போகும்.

திங்கட்கிழமை அந்தப் பெண்ணே அலுவலகத்துக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். முகம் வெளிறிப் போயிருந்தது.

"அக்கா, பழைய இதழ் எதுலயாவது இந்தக் கட்டுரை இருக்கான்னு பார்க்கணும். நாலு லைப்ரரி பார்த்துட்டேன்."

"நீங்க படிச்சிருக்கீங்கதானே?" என்றார் அக்கா, கேட்கக்கூடாதென்று நினைத்துக்கொண்டே.

அவள் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். "இல்லக்கா. பெரிய சார் கட்டுரையில அதைக் காட்டியிருந்தாரு. இருநூத்திப் பத்தொன்பதாம் பக்கம்னு போட்டிருந்தாரு. சார் படிச்சிருப்பாரு, நாம ஏன் மறுபடி தேடணும்னு அப்படியே எடுத்துப் போட்டுட்டேன். தப்புதான். ஆனா இல்லாததை நான் உருவாக்கலக்கா. சத்தியமா உருவாக்கல."

உருவாக்கியது யார் என்று தெரிந்த ஒரே ஆள் எதிரே உட்கார்ந்திருந்தார். "தேடிப் பார்க்கறேம்மா" என்றார். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். சீ, என்ன மனுஷி நான் என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

புதன்கிழமை, கல்லூரிக்குப் போகவேண்டிய கடிதத்தை முன்கூட்டியே தட்டச்சு செய்து வைக்கச் சொன்னார் பெரிய சார். விசாரணையே இன்னும் நடக்கவில்லை, தீர்ப்பு தயார். 'இட்டுக்கட்டிய சான்று' என்ற சொல் இரண்டு இடத்தில் வந்தது. அக்கா அதை அடித்து முடித்து, ஓரம் சரிபார்த்து, பிரின்ட் எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கை கழுவக்கூடத் தோன்றாமல் மாமனார் முன்னால் போய் உட்கார்ந்தார்.

எல்லாவற்றையும் கேட்ட மாமனார், "அகப்பட்டவனுக்கு அஷ்டமத்துச் சனின்னு சொல்றது இதுதான்" என்றார். பிறகு, "முப்பது பேரை விட்டுட்டு அந்தப் பொண்ணை மட்டும் ஏன் பிடிக்கறாங்க?"

"புகார் வந்தது அவ மேலதான் மாமா."

"சரி. நாளைக்கு நான் வரேன்."

"நீங்க எதுக்கு?"

"எழுதினவன் நானு. நான் எழுதலைன்னு நான் வந்து சொன்னாத்தானே செல்லும்? நீ சொன்னா மருமக சொல்றான்னு ஆயிடும்."

அக்கா வேண்டாம் என்றார், கெஞ்சினார், கடைசியில் கோபப்பட்டார். மாமனார் அதற்குள் தன் நல்ல சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்திருந்தார். அவர் அதைத் தேய்த்த அழகைப் பார்த்தபோது, நாளை என்ன ஆனாலும் ஆகட்டும் என்று அக்காவுக்கு ஒரு துணிச்சல் வந்தது.

வியாழன் பதினோரு மணிக்கு அந்தப் பெண் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே பெரிய சார், வேதியியல் பேராசிரியை, ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர். அக்கா நோட்டோடு உள்ளே போனார், பின்னாலேயே மாமனார்.

"இது யாரும்மா?" என்றார் பெரிய சார்.

"நீங்க விசாரிக்கிற கட்டுரையை எழுதினவர் சார்" என்றார் அக்கா. "என் மாமனார். தையல்காரர்."

பிறகு நிறுத்தாமல் சொன்னார். மாதிரித் தாள், சண்டைக்கு வந்த பேராசிரியர், யாரும் எழுதாத கட்டுரை, முப்பத்தொரு பேர். நோட்டை மேசைமேல் வைத்தார். வேதியியல் பேராசிரியை முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்தைப் புரட்டி இருபத்து மூன்றாவதாகத் தன் பெயரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஓய்வுபெற்றவர் பதற்றமாகத் தேடிவிட்டு, "நான் இல்லை" என்று மூச்சு விட்டார். அவர் பத்து வருஷமாக எதுவுமே எழுதவில்லை.

பெரிய சார் ஒன்பதாவது பெயரிலேயே நின்றுவிட்டார். மாமனார் அவருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சண்டை போட அல்ல. அவருக்கு ஒன்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. இருநூத்திப் பத்தொன்பதாம் பக்கம்னு நீங்கதான் மொதல்ல எழுதியிருக்கீங்களாம். உங்களுக்கு முன்னாடி யாரும் இந்தப் பக்கம்னு குறிச்சுச் சொல்லல. அந்தப் பக்கத்துல நான் என்ன சொல்லியிருக்கேன்?"

பெரிய சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"தெரியாதுங்க" என்றார். "நான் படிக்கல."

"அப்ப பக்க நம்பர் எங்கேர்ந்து வந்தது?"

பெரிய சார் அக்காவைப் பார்த்தார். "எந்தப் பக்கம்னு குறிக்காம அனுப்பினேன். உங்க மருமக திருப்பி அனுப்பிட்டாங்க, பக்க எண் இல்லைன்னு. அன்னிக்கே பக்கம் கட்டி அச்சுக்குப் போகணும். நடுவுல ஏதோ ஒரு நம்பர் போட்டேன்."

அக்காவுக்கு நினைவு வந்தது. திருப்பி அனுப்பியது நிஜம். பக்க எண் வந்ததும் 'சரி' என்று குறி போட்டதும் நிஜம். அந்தப் பெயர் தன் மாமனார் பெயர் என்பது அன்றைக்குக் கண்ணிலேயே படவில்லை. எண் இருக்கிறதா என்று பார்த்தாரே தவிர, எண்ணுக்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பத்தொன்பது வருஷமும் அப்படித்தான் பார்த்திருக்கிறார்.

"நானும் படிக்கல" என்றார் வேதியியல் பேராசிரியை, யாரும் கேட்காமலே.

தட்டச்சு செய்திருந்த கடிதத்தைப் பெரிய சார் நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த இதழில் ஓர் அறிவிப்பு வரும், முப்பத்தொரு பெயரும் வரும், மாதிரித் தாளின் கதையும் வரும், ஒவ்வொருவரும் திருத்தம் எழுதவேண்டும் என்று முடிவானது. "என் பேரை மொதல்ல போடும்மா" என்றார். பிறகு, "அந்தப் பொண்ணைக் கூப்பிடு. நானே சொல்றேன்."

சொன்னார். தான் படிக்காததை அவள் நம்பிவிட்டாள் என்றும், அவள் செய்தது தப்பு, அந்தத் தப்புக்குத் தானே முன்னோடி என்றும் நேராகவே சொன்னார். பெரிய மனிதர்தான் என்று அன்றைக்கு அக்காவுக்குத் தோன்றியது. மூன்று மாதம் கழித்து அவரே தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். அந்தப் பெண்ணின் பதவி ஒரு பருவம் தள்ளிப்போய், பிறகு கிடைத்தது. அக்காவின் ஒப்பந்தத்தையும் யாரும் தொடவில்லை. மார்ஜின் அக்கா இல்லாமல் அந்த அறிவிப்பை யார் பக்கம் கட்டுவது?

அன்று விசாரணை முடிந்து வெளியே வந்ததும், மாமனார் தண்ணீர் குடிக்கப் போனார். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவின் கையைப் பிடித்தாள். "நீங்க இல்லாட்டி நான் தொலைஞ்சிருப்பேன்கா." பிறகு மேசைமேல் பார்த்த நோட்டு நினைவுக்கு வந்தது போலிருக்கிறது. "இவ்வளவையும் எப்பக்கா கண்டுபிடிச்சீங்க? மூணு நாள்லயா?"

மூன்று நாள் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். நம்புகிற பெண்தான் அவள்.

"பதினோரு மாசமா தெரியும்" என்றார் அக்கா.

"நான் திங்கக்கிழமை வந்தப்போ?"

"அப்பவும் தெரியும்."

அவள் பிடித்திருந்த கையை மெல்ல விட்டாள். குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து அவளுடைய திருத்தம் ஒரு கடிதத்தோடு வந்தது. அக்கா வரிக்கு வரி படித்தார். அதில் சொல்லியிருந்த ஒவ்வொரு கட்டுரையையும் அலமாரியிலிருந்து எடுத்து, அந்தந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். எல்லாம் இருந்தது, சொன்னபடியே இருந்தது. குறை என்று ஒன்றும் இல்லை. அந்த ஊரில் வாசல் கூட்டுகிறவர் முதல் துணைவேந்தர் வரை எல்லோருக்கும் அக்காவாக இருந்தவருக்கு, அந்தக் கடிதத்தின் முதல் வரியில் மட்டும் 'மதிப்பிற்குரிய மேடம்' என்று இருந்தது.